பழைய டிராவலர்ஸ் செக்: வெளியிட்ட நிறுவனமா, வங்கியா, மணி சேஞ்சரா?

பீரோவின் அடித்தட்டிலிருந்தும், பழைய பாஸ்போர்ட்டின் உறைக்குள்ளிருந்தும், இறந்துபோன பெரியவரின் தோல்பையிலிருந்தும் டிராவலர்ஸ் செக்குகள், அதாவது பயணத்தில் ரொக்கத்துக்குப் பதிலாகக் கொண்டுபோக முன்கூட்டியே பணம் கட்டி வாங்கிய காசோலைகள், இன்னும் வெளிவந்துகொண்டிருக்கின்றன. கண்டெடுத்தவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இதற்கு எங்கே நல்ல விலை கிடைக்கும்? வங்கியில் கேட்டால் கவுண்டரில் இருப்பவர் புரட்டிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் இப்போது வாங்குவதில்லை என்று திருப்பித் தருகிறார். மணி சேஞ்சர் உதட்டைப் பிதுக்குகிறார். தெரிந்தவர் ஒருவர் செல்லாது என்கிறார். தெரியாதவர் ஒருவர், ஒரு பங்கு கொடுத்தால் நானே மாற்றித் தருகிறேன் என்கிறார்.

வங்கி வாங்க மறுப்பது ஒரு விஷயம், செக் செல்லாமல் போவது வேறு விஷயம். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் டிராவலர்ஸ் செக்குகளுக்குக் காலாவதித் தேதியே கிடையாது என்று அறிவித்திருக்கிறது. புதிதாக வெளியிடுவதை நிறுத்திவிட்டாலும், ஏற்கெனவே வெளியிட்டவற்றுக்கு இன்றும் பணம் தருகிறது. உங்கள் கையில் இருப்பது ஒரு நிறுவனம் உங்களுக்கு எழுதிக் கொடுத்த கடன் சீட்டு. கடன் வாங்கியவர் இருக்கும்வரை கடனும் இருக்கிறது. எனவே நல்ல விலை எங்கே என்பதை மூன்றாவதாகக் கேட்டால் போதும். பணம் தர வேண்டியவர் யார் என்பது முதல் கேள்வி. கையெழுத்துகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது இரண்டாவது.

விலை கேட்கும் முன் காகிதத்தைப் படியுங்கள்

செக்கில் கையெழுத்துக்கு இரண்டு இடங்கள் இருக்கும். மேலே இருப்பது வாங்கிய அன்றே போட வேண்டியது. கீழே இருப்பது பணம் தருபவரின் கண் முன்னால் போட வேண்டியது. இரண்டும் ஒத்துப்போனால் பணம். 1891இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஊழியர் மார்செல்லஸ் பெர்ரி வகுத்த இந்த எளிய ஏற்பாட்டின் மீதுதான் நூறாண்டுக்கு மேல் இந்த வியாபாரம் நடந்தது. உங்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் முதல் விதி: எந்த வழியில் மாற்றுவது என்று முடிவு செய்யும்வரை கீழ்க் கையெழுத்தைப் போடாதீர்கள். போட்டுவிட்டால் செக் ரொக்கத்துக்குச் சமம். வழியில் தொலைந்தாலும் திருடு போனாலும் ஈடு கேட்கும் உரிமை பலவீனமாகிவிடும்.

அடுத்து, பெயர். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். விசா, மாஸ்டர்கார்டு என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும் அவை முத்திரைகள் மட்டுமே. பணம் தர வேண்டியது, சிறிய எழுத்தில் பெயர் போட்டிருக்கும் வங்கி அல்லது நிறுவனம். அந்த வங்கி பிறகு இன்னொரு வங்கியோடு இணைந்திருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம். கடன் பொதுவாக வாரிசு நிறுவனத்துக்குப் போய்ச் சேரும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

தாமஸ் குக் பெயர் போட்ட செக்குகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2019 செப்டம்பரில் பிரிட்டனின் தாமஸ் குக் சுற்றுலா நிறுவனம் திவாலானபோது, பழைய செக்குகளும் அதோடு மூழ்கிவிட்டன என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் அந்தக் குழுமம் தன் நிதிச் சேவைப் பிரிவை 2001இலேயே டிராவலெக்ஸ் என்ற அந்நியச் செலாவணி நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. சுற்றுலா நிறுவனம் கவிழ்ந்த செய்தியை வைத்துக்கொண்டு செக்கைக் கிழித்துப் போட்டவர் தன் பணத்தைத் தானே கிழித்தவர். செக்கில் பணம் தருபவராக யார் பெயர் அச்சாகியிருக்கிறது, அந்தப் பொறுப்பு இன்று யாரிடம் இருக்கிறது என்று விசாரித்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

மேல் கையெழுத்தே இல்லாத செக்குகளும் கிடைக்கும். வாங்கியவர் சோம்பலில் விட்டிருப்பார். அவை ஆபத்தானவை, ஏனென்றால் கண்டெடுத்த எவரும் இரண்டு இடத்திலும் தன் கையெழுத்தைப் போட்டுவிடலாம். வாங்கியவர் நீங்களே என்றால் மேல் இடத்தில் மட்டும் உடனே கையெழுத்திடுங்கள். நீங்கள் வாங்காதது என்றால் பேனாவை மூடி வைத்துவிட்டு, கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

எதை வைத்து எடை போடுவது

நான்கு அளவுகோல்கள் போதும் என்பது என் கருத்து.

ஒன்று, எல்லாக் கழிவும் போகக் கைக்கு வரும் தொகை. மாற்று விகிதத்தை மட்டும் பார்ப்பவர் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்.

இரண்டு, காகிதம் பயணம் செய்யும் தூரம். செக் உங்கள் கையை விட்டுப் போன பிறகு எத்தனை பேர் கை மாறுகிறது, தொலைந்தால் யார் பொறுப்பு?

மூன்று, காலம். கூடவே அதன் மறுபக்கமும்: மறுத்தால் செக் உங்களிடம் திரும்பி வருமா, அதற்கும் கட்டணமா, ஏற்கெனவே வரவு வைத்த பணத்தைத் திரும்பப் பிடிப்பார்களா?

நான்கு, ஆவணம். வாங்கிய ரசீது இருக்கிறதா, அடையாள அட்டையில் உள்ள பெயரும் செக்கில் உள்ள கையெழுத்தும் இன்றும் ஒன்றா? திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்களும், முதுமையில் கை நடுங்கிக் கையெழுத்து மாறியவர்களும் இதை முதல் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

வழி 1: வெளியிட்ட நிறுவனத்திடமே கேட்பது

கடனாளியின் வாசலுக்கே நேராகப் போவது இது. நடுவில் யாரும் இல்லாததால் கழிவும் குறைவு. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் செக்குகளைப் பொறுத்தவரை, பல நாடுகளில் இருப்பவர்கள் அந்நிறுவனத்தின் இணையத்தளம் வழியாகவே விண்ணப்பிக்க முடிகிறது. செக் எண்கள், அடையாள ஆவணம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கேட்டு, சரிபார்த்த பின் பணத்தை அனுப்புகிறார்கள். மாற்றித் தருவதற்கென்று பொதுவாக அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை.

கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. மூன்று இடங்களில் பணம் கசியும். உங்கள் கணக்கு வேறு நாணயத்தில் இருந்தால், யார் எந்த விகிதத்தில் மாற்றுகிறார்கள் என்பது முதலாவது. வெளிநாட்டிலிருந்து வரும் தொகைக்கு உங்கள் வங்கி பிடிக்கும் வரவுக் கட்டணம் இரண்டாவது. பணத்தைக் கணக்கில் போடாமல் வெளிநாட்டு வங்கிக் காசோலையாக அனுப்பினால் அதுதான் மோசம்: ஒரு செக்கைக் கொடுத்து இன்னொரு செக்கை வாங்கிய கதையாக, அதை மாற்ற மறுபடியும் வங்கி வாசலில் நிற்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே கணக்கில் நேரடி வரவா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூலச் செக்கைத் தபாலில் அனுப்பச் சொன்னால் முன்னேற்பாடு தேவை. இரு பக்கமும் படமெடுத்து, எண்களைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். பணம் பெறுபவர் பெயருக்கான கோடு காலியாக இருந்தால், நிறுவனம் சொல்லும் பெயரை அதில் எழுதிய பின்பே உறையில் போடுங்கள். காலிக் கோட்டோடும் கீழ்க் கையெழுத்தோடும் தபாலில் போகும் செக், எடுத்தவருக்குச் சொந்தம் என்ற நிலையில் போகிறது. பல கூரியர் நிறுவனங்கள் இத்தகைய பணப் பத்திரங்களுக்குப் பொறுப்பேற்பதில்லை என்று விதியிலேயே எழுதியிருக்கும். பதிவுத் தபால் மெதுவாகப் போனாலும் அதற்கு ஒரு தடம் இருக்கிறது.

பொறுமை உள்ளவர், வாங்கியவர் தானே உயிரோடிருந்து கையெழுத்தும் மாறாதவர், பெரிய தொகை வைத்திருப்பவர் ஆகியோருக்கு இதுவே முதல் வழி. மற்ற வழிகளை இதனோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வழி 2: உங்கள் வங்கி மூலம் வசூலுக்கு அனுப்புவது

உங்கள் வங்கி செக்கை வாங்கி, வெளிநாட்டில் தனக்குத் தொடர்புள்ள வங்கிக்கு அனுப்பி, அது வெளியிட்டவரிடம் வசூலித்து, பணம் திரும்பி வருவது இந்த வழி. பல வங்கிகள் இதைக் கைவிட்டுவிட்டன. நீண்ட நாள் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் செய்து தரும் வங்கிகளும் உண்டு. ஒரு கிளையில் முடியாது என்றால் தலைமை அலுவலகத்தின் அந்நியச் செலாவணிப் பிரிவில் கேட்பது நல்லது. கவுண்டரில் இருக்கும் இளம் ஊழியர் டிராவலர்ஸ் செக்கை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர் சொல்லும் இல்லையை வங்கியின் இல்லையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இதன் செலவு நிலையான செலவு, அதாவது தொகை சிறியதோ பெரியதோ கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காகத்தான். வங்கிக் கட்டணம் 20 டாலர், வெளிநாட்டு வங்கி பிடிப்பது 15, தபாலுக்கு 10, ஆக 45. ஒரே ஒரு 100 டாலர் செக்கை அனுப்பினால் கைக்கு வருவது 55. பத்துச் செக்குகளைச் சேர்த்து ஒரே தவணையாக அனுப்பினால் 1000க்கு 955. இதே செக்குகளை 7 சதவீதக் கழிவில் மணி சேஞ்சரிடம் கொடுத்தால் 100க்கு 93, 1000க்கு 930. இரண்டும் சமமாகும் இடம் சுமார் 640 டாலர். அதற்குக் கீழே மணி சேஞ்சர், மேலே வங்கி.

ஆனால் இந்தக் கணக்கைக் கவிழ்க்கும் கேள்வி ஒன்று உண்டு. கட்டணம் ஒரு முறை அனுப்புவதற்கா, ஒவ்வொரு செக்குக்குமா? அந்த 20 டாலரைச் செக் ஒவ்வொன்றுக்கும் பிடித்தால் பத்துச் செக்குக்கு 200, மற்ற இரண்டையும் சேர்த்தால் 225. கைக்கு வருவது 775தான். 20, 50 டாலர் சீட்டுகளாக நிறைய வைத்திருப்பவர்கள் இதை எழுத்தில் கேட்டு வாங்காமல் கையெழுத்திடக் கூடாது.

இன்னொரு பொறி, வரவு வைக்கும் முறை. சில வங்கிகள் பணம் வந்த பிறகே வரவு வைக்கும். சில வங்கிகள் முதலிலேயே வரவு வைத்துவிட்டு, செக் மறுக்கப்பட்டால் திரும்பப் பிடித்துக்கொள்ளும். கணக்கில் பணம் தெரிந்ததும் எல்லாம் முடிந்தது என்று செலவழித்தவர், சில வாரம் கழித்து, பணத்தைத் திரும்பப் பிடித்துவிட்டதாக வரும் அறிவிப்பைப் பார்த்துத் திகைக்கிறார். திரும்பப் பிடிக்கும்போது அன்றைய மாற்று விகிதத்தில் பிடிப்பார்கள், மறுப்புக் கட்டணமும் சேரும். "வசூல் உறுதியான பின் வரவு" என்று கேட்டு வாங்குவது தாமதமானாலும் நிம்மதி.

வெளியிட்ட நிறுவனம் தனிநபர்களிடமிருந்து நேரடியாக வாங்காமல் வங்கி மூலம்தான் வர வேண்டும் என்று சொல்லும்போது இது தவிர வேறு வழியில்லை. உங்களுக்கு அந்தச் செக்கின் நாணயத்திலேயே ஒரு கணக்கு இருந்தால் இன்னும் நல்லது, மாற்று விகிதக் கழிவு மிச்சம்.

வழி 3: மணி சேஞ்சர்

வேகம் என்ற ஒரே அளவுகோலில் இவரை யாரும் மிஞ்ச முடியாது. கையெழுத்துப் போடுகிறீர்கள், பாஸ்போர்ட்டைக் காட்டுகிறீர்கள், பணத்தோடு வெளியே வருகிறீர்கள். வாங்க ஒப்புக்கொள்பவரைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. சர்வதேச விமான நிலையங்களிலும் பெரிய சுற்றுலா நகரங்களிலும் வாய்ப்பு அதிகம். நேரில் போகும் முன் தொலைபேசியில் செக்கின் பெயரையும் நாணயத்தையும் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். "டிராவலர்ஸ் செக் வாங்குவீர்களா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

வாங்குபவர்களும் உஷாராகத்தான் இருப்பார்கள், போலிகள் நிறையப் புழங்கிய துறை இது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் செக்கின் பின்புறத்தில் தொகை இரண்டு இடத்தில் அச்சாகியிருக்கும். ஈர விரலால் தடவினால் ஒன்று கலங்கும், மற்றது கலங்காது. தெரிந்த கடைக்காரர் விரலை நனைத்துக்கொண்டு நேராக அந்த இடத்துக்குத்தான் போவார். அதனால் வீட்டில் ஆர்வத்தில் எல்லாச் செக்கையும் தடவிப் பார்த்து வைக்காதீர்கள். ஈரம் பட்ட செக், மடிப்பில் கிழிந்த செக், ஒட்டுத்தாள் போட்ட செக் ஆகியவற்றைக் கவுண்டரில் மறுப்பார்கள். சேதமானவற்றுக்கு வழி 1 மட்டுமே.

செலவு இங்கே இரண்டு அடுக்கு. விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும் இடைவெளி ஒன்று, தனியாகச் சொல்லும் கமிஷன் இன்னொன்று. "கமிஷன் கிடையாது" என்ற பலகையைப் பார்த்தால் விகிதத்தை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். டிராவலர்ஸ் செக்குக்கென்று ரொக்கத்துக்குத் தருவதிலிருந்து வேறுபட்ட விகிதம் வைத்திருப்பார்கள். எனவே பலகையில் உள்ள எண்ணை நம்பாமல், "இந்த நூறுக்கு என் கையில் எவ்வளவு தருவீர்கள்" என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒற்றைப் பதிலில் எல்லாக் கழிவும் அடங்கிவிடும்.

கீழ்க் கையெழுத்தை முன்பே போட்டு எடுத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் மறுப்புத்தான். சிலர் செக்கின் பின்புறத்தில் மறுபடியும் கையெழுத்திடச் சொல்லி ஒப்பிட்டு வாங்குவார்கள். அது அவர் இரக்கம், உங்கள் உரிமை இல்லை.

ஒன்றிரண்டு செக் மட்டும் வைத்திருப்பவர், கையெழுத்தும் அடையாள அட்டையும் சரியாக இருப்பவர், வாங்கும் கடை அருகிலேயே அமைந்துவிட்டவர் கொஞ்சம் இழந்தாலும் இங்கே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வழி 4: அந்த நாட்டுக்குப் போகும்போது செலவழிப்பது

டாலர் செக்கை அமெரிக்காவில் ஹோட்டலிலோ கடையிலோ கொடுத்து, மீதியை ரொக்கமாக வாங்குவது ஒரு காலத்தில் சாதாரணம். முகமதிப்பு, அதாவது செக்கில் அச்சிட்ட தொகை, முழுதாகக் கிடைக்கும், மாற்று விகிதமே குறுக்கே வராது என்பதால் கணக்கில் இதுதான் முதலிடம். நடைமுறையில் கடைசியிடம். இன்றைய கல்லாக்காரருக்கு இதை என்ன செய்வதென்றே தெரியாது, மேலாளரைக் கூப்பிடுவார், பின்னால் வரிசை முணுமுணுக்கும். இதை நம்பிப் பயணச் செலவுக்குத் திட்டம் போடாதீர்கள்.

அந்த நாட்டில் உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் கதை வேறு. கிளைக்கு நேரில் போய்ச் செலுத்துவது பெரும்பாலும் எளிது. செல்போனில் படமெடுத்துக் காசோலை செலுத்தும் வசதியில் மட்டும் முயல வேண்டாம், பல வங்கிகள் அதில் டிராவலர்ஸ் செக்கை ஏற்பதில்லை. அங்கே இருக்கும் உறவினரிடம் கொடுத்தனுப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். கீழ்க் கையெழுத்து நேரில் போட வேண்டியது என்பதால் உறவினரின் வங்கி மறுக்கலாம். காகிதம் பயணம் போய் வெறுங்கையோடு திரும்பும்.

வழி 5: அப்படியே வைத்திருப்பது

காலாவதி இல்லையே, அவசரம் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. செக்குக்கு வட்டி கிடையாது. விலைவாசி ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால் சுமார் 24 ஆண்டுகளில் அதன் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். 2000ஆம் ஆண்டு வாங்கி வைத்த 100 டாலர் இன்னும் 100 டாலர்தான். நீங்கள் மாற்றாமல் இருந்த காலமெல்லாம் அந்தப் பணத்தை முதலீடு செய்து வருமானம் பார்த்தது வெளியிட்ட நிறுவனம். இந்த வியாபாரத்தின் லாபமே உங்கள் தாமதத்தில்தான் இருந்தது. பீரோவில் தூங்கிய ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் அவர்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறீர்கள். உள்ளூர் நாணயம் டாலருக்கு எதிராகச் சரிந்த நாடுகளில் இருப்பவர்களுக்குக் கையில் கிடைக்கும் உள்ளூர்ப் பணம் கூடியிருக்கும். ஆனால் அதே டாலரை வட்டி தரும் கணக்கில் போட்டிருந்தாலும் அந்த லாபம் வந்திருக்கும், வட்டியும் சேர்ந்திருக்கும்.

தாமதத்துக்கு வேறு விலைகளும் உண்டு. நிறுவனங்கள் கை மாறுகின்றன, வாங்கும் வங்கிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன, கையெழுத்திட்டவருக்கு வயதாகிறது. சில நாடுகளில் பயணம் முடிந்து வந்தவர் மீந்த அந்நியச் செலாவணியைக் குறிப்பிட்ட காலத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. உங்கள் நாட்டின் விதியை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இன்னொரு திருப்பம். அங்கே பெரும்பாலான மாநிலங்களின் சட்டப்படி, வெளியிட்டு 15 ஆண்டுகள் ஆகியும் யாரும் மாற்றாத டிராவலர்ஸ் செக்கின் பணம் உரிமை கோரப்படாத சொத்தாகக் கருதப்பட்டு மாநில அரசின் பொறுப்புக்குப் போகும். எந்த மாநிலம் என்பதை, செக் வாங்கிய இடத்தை வைத்து 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் முடிவு செய்கிறது. அரசு அதைக் காப்பாளராகத்தான் வைத்திருக்கிறது, உரிமையாளர் கேட்டால் தர வேண்டும். செக் கையில் இருப்பவர் முதலில் வெளியிட்ட நிறுவனத்திடமே கேட்பது நல்லது. அங்கே சிக்கல் என்றால் மாநிலத்தின் உரிமை கோரப்படாத சொத்துத் தளத்தில் கட்டணமின்றித் தேடலாம்.

சேகரிப்பாளர்களுக்கு விற்கலாமா என்றும் கேட்கிறார்கள். அந்தச் சந்தையில் போவது பெரும்பாலும் மாதிரி முத்திரை குத்தியவையும் ரத்து செய்தவையும்தான். உயிருள்ள செக்கை அந்நியருக்கு விற்பது தலைவலியை விலைக்கு வாங்குவது.

ஒரே பார்வையில்

| வழி | கைக்கு வருவது | காலம் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| வெளியிட்ட நிறுவனம் | பெரும்பாலும் அதிகம் | நாட்கள் முதல் வாரங்கள் | நாணய மாற்று, வரவுக் கட்டணம், தபால் | பெரிய தொகை, சேதமான செக், வாரிசுகள் |
| வங்கி வசூல் | தொகை பெரிதானால் நல்லது | வாரக்கணக்கு, சில நேரம் மேலும் | செக்குக்குச் செக் கட்டணம், மறுப்புக் கட்டணம் | நேரடி வழி இல்லாதவர், அதே நாணயக் கணக்கு உள்ளவர் |
| மணி சேஞ்சர் | குறைவு | உடனே | விகித இடைவெளி | ஒன்றிரண்டு செக் |
| நேரில் செலவழிப்பது | முழு முகமதிப்பு | பயணம் வரும்வரை | மறுப்பு, அலைச்சல் | அந்த நாட்டில் கணக்கு உள்ளவர் |
| வைத்திருப்பது | ஆண்டுதோறும் தேயும் | எல்லையில்லை | விலைவாசி, விதி மாற்றம் | யாருக்கும் சொல்ல மாட்டேன் |

மார்க், பிராங்க், லிரா செக்குகள்

இறந்துபோன நாணயத்தில் செக் வைத்திருப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், அதுவும் தங்களிடமே. பிரான்ஸின் பழைய பிராங்க் நோட்டுகளை மாற்றும் கடைசி நாள் 2012 பிப்ரவரி 17. அதன் பிறகு அந்த நோட்டு வெறும் காகிதம். ஜெர்மன் மார்க் நோட்டுகளை அந்நாட்டு மத்திய வங்கி இன்றும் கால வரம்பின்றி மாற்றித் தருகிறது. ஆனால் இவை நோட்டுகளுக்கான விதிகள். செக் என்பது வெளியிட்டவரின் கடன் என்பதால் நோட்டின் விதி அதைக் கட்டுப்படுத்தாது. யூரோ வந்தபோது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம், பழைய ஒப்பந்தங்களில் உள்ள நாணயப் பெயர்களை நிலையான விகிதத்தில் யூரோவாகப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

1 யூரோவுக்கு 1.95583 மார்க், 6.55957 பிராங்க், 1936.27 லிரா, 2.20371 டச்சு கில்டர் என்பவை அந்த விகிதங்கள். 500 மார்க் செக் 255.65 யூரோ. 1000 பிராங்க் செக் 152.45 யூரோ. 1,00,000 லிரா செக்கைப் பார்த்துக் கோடீஸ்வரர் ஆனதாக நினைக்க வேண்டாம், அது 51.65 யூரோ. இந்த விகிதத்தில் யாரும் பேரம் பேச முடியாது. வேறு விகிதம் சொல்லும் இடைத்தரகர் உங்கள் பணத்தில் கை வைக்கிறார் என்று பொருள். மணி சேஞ்சர்கள் இந்தச் செக்குகளைப் பெரும்பாலும் தொட மாட்டார்கள். வழி 1, அது முடியாவிட்டால் வழி 2, அவ்வளவுதான்.

தரகர்கள்

பழைய செக்குகளை மாற்றித் தருகிறோம், கிடைத்ததில் பங்கு தாருங்கள் என்று வருபவர்கள், நீங்களே நிரப்பக்கூடிய அதே படிவத்தைத்தான் நிரப்புகிறார்கள். முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். செக்கின் எண்களையும் கையெழுத்தின் படத்தையும் கேட்டால் அதைவிட வேகமாக முடியுங்கள்.

கையெழுத்திட்டவர் இல்லையென்றால்

வாங்கியவர் காலமாகிவிட்ட வீடுகளில் நடக்கும் தவறு, மகனோ மகளோ அப்பாவின் கையெழுத்தைப் போலப் போட்டுக் கொண்டுபோவது. நல்லெண்ணத்தில் செய்தாலும் அது போலிக் கையெழுத்து. பிடிபட்டால் செக்கையும் இழந்து விளக்கமும் சொல்ல வேண்டியிருக்கும். கீழ்க் கோட்டைக் காலியாகவே விட்டு, வெளியிட்ட நிறுவனத்துக்கு எழுதி, இறந்தவரின் சொத்தாக உரிமை கோரும் படிவத்தைக் கேட்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், உயில் நிறைவேற்றுபவர் அல்லது சட்டப்படியான வாரிசு என்பதற்கான ஆவணம், உங்கள் அடையாளச் சான்று ஆகியவை தேவைப்படும். தொகை சிறியதானால் நீதிமன்ற ஆவணம் இல்லாமலே எளிய உறுதிமொழியோடு முடித்துத் தர முடியுமா என்று முதல் கடிதத்திலேயே கேளுங்கள். 100 டாலர் செக்குக்காக 300 டாலர் செலவழித்து வாரிசுச் சான்றிதழ் வாங்குவது யாருக்கும் லாபமில்லை.

அதற்கு முன் செக்கின் மேல் பகுதியை ஒரு முறை உற்றுப் பாருங்கள். 1990களிலிருந்து அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் இருவர் சேர்ந்து பயன்படுத்தும் செக்குகளையும் விற்றது. அதில் மேலே இரண்டு பேருடைய கையெழுத்து இருக்கும், மாற்ற இருவரில் ஒருவர் கையெழுத்திட்டாலே போதும். கணவரின் பெட்டியில் கிடைத்த செக்கில் மனைவியின் பழைய கையெழுத்தும் மேலே இருந்தால், சான்றிதழ் எதுவும் தேவையில்லை. அவர் தன் பெயரிலேயே வழி 1இல் விண்ணப்பிக்கலாம்.